முதல் ஆட்டத்தில் ரன்களை வாரிக்கொடுத்த இளம் பிட்சரை அடுத்த ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்துவது எப்படி

கடந்த பருவத்தின் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வர்த் பக்கத்து மைதானம் ஒன்றில், 12 வயதுப் பையன் ஒருவன் முதன்முறையாக பேஸ்பால் மவுண்டில், அதாவது பந்தெறிபவரான பிட்சர் நிற்கும் மேட்டில், ஏறினான். முதல் நான்கு பந்துகளும் மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே பறந்தன. அந்த ஒரே இன்னிங்ஸில் அவன் 41 பந்துகள் எறிந்தான். ஐந்து மட்டையாளர்கள், தலா நான்கு பந்துகள் தவறியதால், அடிக்காமலேயே நடந்து முதல் பேஸுக்குப் போனார்கள். நான்கு பேர் அடித்துவிட்டு ஓடினார்கள். இரண்டு பேரைத்தான் அவுட் ஆக்க முடிந்தது. ஏழு ரன்கள் போன பிறகு, பயிற்சியாளரான நான் நடந்து சென்று பந்தை வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையுறையின் தோல்வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். குளிர்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவனுடைய தாத்தா எழுந்து வந்து, "தம்பி, இது இவனுக்குச் சரிப்பட்டு வருமா? இல்லை, கிரிக்கெட்டுக்கே போகட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவருக்கு நான் அன்று உருப்படியாக எதையும் சொல்லவில்லை. அவர் கேட்டதைப் போலவே கேட்கும் வேறு பெற்றோரும், புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் இளைஞர்களும் இங்கே இருப்பதால், அதற்கடுத்த வாரங்களில் நாங்கள் செய்ததையும், செய்யாமல் விட்டதற்காக நான் வருந்துவதையும் இங்கே எழுதுகிறேன்.

பெரிய பிட்சர்களின் தொடக்கக் கதைகளைச் சொல்லிப் பிள்ளையைத் தேற்றுவதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். கதைகள் உண்மையானவையே. கிரெக் மேடக்ஸ் 1986 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் அணிக்காக முதன்முதலில் பந்தெறிந்தபோது வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம் 18ஆவது இன்னிங்ஸுக்கு நீண்டிருந்தது. பில்லி ஹாட்சர் அடித்த ஹோம் ரன்னில் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) தோல்வி அவர் கணக்கில் சேர்ந்தது; பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள். அடுத்த ஆண்டு 6 வெற்றி, 14 தோல்வி. டாம் கிளாவின் 1988இல் 7 வெற்றிக்கு 17 தோல்வி கண்டார். பின்னாளில் மேடக்ஸ் 355 வெற்றிகளோடும் கிளாவின் 305 வெற்றிகளோடும் ஓய்வு பெற்றார்கள். ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் இப்படித் தடுமாறியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன்பின் பெயர் தெரியாமலேயே போய்விட்டார்கள். தடுமாறியதனால் யாரும் பெரியவராகவில்லை. தடுமாறிய பிறகு ஏதோ ஒன்றைக் குறிப்பாக மாற்றிக்கொண்டவர்களே நிலைத்தார்கள். ஆகவே பிள்ளைக்குக் கதை சொல்வதாக இருந்தால், அதில் என்ன மாறியது என்ற பகுதியைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு ராய் ஹாலடேயின் கதையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. டொராண்டோ புளூ ஜேஸ் அணியில் 1998இல் தம் இரண்டாவது ஆட்டத்திலேயே, ஒரு ஹிட் கூட (மட்டையாளர் அடித்துப் பேஸை எட்டுவது) கொடுக்காமல் முடிப்பதற்கு ஒரே ஒரு அவுட் மிச்சமிருக்கும் நிலை வரை சென்றவர் அவர். இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவருடைய ஈஆர்ஏ 10.64 ஆகிவிட்டது. ஈஆர்ஏ என்பது, தடுப்பாளர்களின் பிழையால் வந்த ரன்களை விலக்கிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்று காட்டும் கணக்கு. 4க்குக் கீழே இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். 2001 தொடக்கத்தில் அணி அவரைப் பல படிகள் கீழே, ஃபுளோரிடாவின் டனீடினில் இருந்த இளநிலை அணிக்கே அனுப்பியது. அங்கே மெல் குயீன் என்ற பயிற்சியாளர், தலைக்கு நேர்மேலிருந்து வந்துகொண்டிருந்த அவருடைய கையைச் சற்றுப் பக்கவாட்டுக்கு இறக்கினார். அதன்பின் பந்து நேராக வராமல் கடைசி நேரத்தில் விலகத் தொடங்கியது. 2003இலும் 2010இலும் ஹாலடே, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்; 2010 மே 29 அன்று ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். அவருக்குள் இருந்த வேகம் 2000இலும் இருந்ததுதான். கை வரும் கோணத்தையும் அதோடு சேர்ந்த மனநிலையையும் மாற்றியபிறகே அது பயன்பட்டது.

அப்படியானால் உங்கள் பிள்ளையிடம் எதை மாற்றுவது? அதைக் கண்டுபிடிக்கத்தான் குறிப்பேடு வேண்டும். நினைவை நம்பாதீர்கள், ஏழு ரன் போன ஆட்டத்தில் எல்லாமே மோசமாக நடந்ததாகத்தான் நினைவு சொல்லும். ஒரு பள்ளிக் கட்டுரை நோட்டில் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வரி ஒதுக்கி, முதல் பந்து ஸ்ட்ரைக்கா (மட்டையாளர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா) இல்லையா என்றும், தவறிய பந்து மேலா கீழா, வலமா இடமா என்றும், அடிபட்ட பந்து பலமாகப் போனதா உருண்டு போனதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பையனின் நோட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பார்த்தபோது, முந்தைய நாள் மைதானத்தில் நான் பார்த்ததாக நினைத்த ஆட்டம் அதில் இல்லை. நான்கு அடிகளில் பலமாகப் போனது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் தரையில் உருண்டு எங்கள் தடுப்பாளர்களின் கால்களுக்கிடையே நழுவியவை. தவறிய 26 பந்துகளில் 19 பந்துகள் மேலேயும், அவன் எறியும் வலக்கைப் பக்கமாகவும் போயிருந்தன. பதினொரு மட்டையாளர்களில் மூன்று பேருக்குத்தான் முதல் பந்து ஸ்ட்ரைக்காக விழுந்திருந்தது. ஆக, அவனை யாரும் அடித்து நொறுக்கவில்லை. ஒரே திசையில், ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறான். தவறுகள் நாலா பக்கமும் சிதறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒரே பக்கம் குவிந்திருந்தால் திருத்துவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும்.

மேலேயும் எறியும் கைப் பக்கமும் பந்து போகிறதென்றால், பெரும்பாலும் முன்கால் தரையைத் தொடும் நேரத்தில் கை இன்னும் பின்தங்கியிருக்கிறது, முன்தோள் அவசரப்பட்டுத் திறந்துவிடுகிறது என்று பொருள். நம் பிள்ளைகளிடம் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. டர்பனின் இந்தியக் குடியிருப்புகளில் வளரும் பையனின் உடம்பில் முதலில் பதிவது கிரிக்கெட் பவுலிங். ஓடிவந்து, முழங்கையை மடக்காமல் கையைச் சுழற்றிப் பழகியவனை மவுண்டில் நிறுத்தி, ஓடாமல், முழங்கையை மடக்கி எறியச் சொன்னால், ஓட்டத்தால் கிடைத்த வேகத்தைக் கையாலேயே ஈடுகட்டப் பார்ப்பான். அதனால் அவனுக்கு "பவுலிங் மாதிரி போடாதே" என்று சொல்வதில் பயனில்லை. பவுண்டரி ஓரத்திலிருந்து விக்கெட் கீப்பரின் கைக்கு நேராகப் பந்தை எறிவாயே, அந்தக் கையைத்தான் இங்கே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த எறிதலை அவன் ஏற்கெனவே சரியாகச் செய்கிறான். புதிதாக ஒன்றைக் கற்பதாக அவனுக்குத் தோன்றாது. நாங்கள் முதல் வாரம் மவுண்டுக்கே போகாமல், சமதரையில், பாதித் தூரத்தில் நின்று, அந்த ஒரு எறிதலை மட்டும் செய்தோம். பயிற்சிக்கு வந்தால் ஒரு திருத்தம் மட்டுமே சொல்ல வேண்டும். காலைப் பற்றியும் தோளைப் பற்றியும் பிடியைப் பற்றியும் ஒரே மாலையில் பேசினால் பிள்ளை எதையும் எடுத்துப்போக மாட்டான்.

வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். சாண்டி கூஃபாக்ஸ் 1955இல் டாட்ஜர்ஸ் அணியில் நுழைந்து முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி என்றே இருந்தார். பந்தில் இடியைப் போன்ற வேகம் இருந்தது, ஆனால் எங்கே போகும் என்று தெரியாது. 1961 வசந்தகாலப் பயிற்சியில் கேட்சர் நார்ம் ஷெரி, கொஞ்சம் தளர்த்தி எறியும்படி அவரிடம் சொன்னார். அந்த ஆண்டு 18 வெற்றியும் 269 ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) கிடைத்தன; பின்னர் மூன்று முறை சை யங் விருது வந்தது. முழு பலத்தில் பத்தில் எட்டுப் பங்கு என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த எட்டில்தான் உண்மையான வேகமே இருக்கிறது.

இங்கே டிசம்பர், ஜனவரி மாதப் பிற்பகல்களில் புழுக்கத்தால் விரல்களில் வழியும் வியர்வையையும் கணக்கில் எடுக்க வேண்டும். விரல் வழுக்காமல் பிடிப்புத் தரும் ரோசின் பொடிப் பை ஒன்று மவுண்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கையைக் காப்பதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. மோசமாக ஆடிய பிள்ளையை மறுநாளே கூப்பிட்டு நூறு பந்து எறியவைக்கும் தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் தோளும் முழங்கையும் அந்த அன்பை அறியா. அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்கள் 21 முதல் 35 பந்துகள் எறிந்தால் ஒரு நாளும், 50 வரை எறிந்தால் இரண்டு நாளும், 65 வரை எறிந்தால் மூன்று நாளும், 66ஐ எட்டினால் நான்கு நாளும் ஓய்வெடுக்க வேண்டும். சனிக்கிழமை 41 பந்து எறிந்த நம் பையனுக்கு ஞாயிறும் திங்களும் முழு ஓய்வு. ஒரே இன்னிங்ஸில் எறியும் 41 பந்துகள், நான்கு இன்னிங்ஸில் நிதானமாக எறியும் 41 பந்துகளைவிடக் கையைக் கூடுதலாகக் களைப்பாக்கும் என்பது என் அனுபவம். ஆகவே இப்போதெல்லாம் ஒரு இன்னிங்ஸில் 30 பந்து ஆனதும், ரன் கணக்கு எதுவாக இருந்தாலும், பிள்ளையை மாற்றிவிடுகிறேன். அன்று நான் அதைச் செய்திருந்தால் கடைசி மூன்று ரன்களும் அவன் பெயரில் விழுந்திருக்காது. முழங்கையின் உட்புறத்தில் வலி என்று பிள்ளை சொன்னால், அன்றே எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரில் ஏறியதும் "ஏன்பா அப்படிப் போட்டாய்?" என்று கேட்பதுதான் பிள்ளையின் மனத்தில் ஆட்டத்தைவிட ஆழமாகத் தங்கிவிடுகிறது. அவனே பேச்செடுத்தால் கேளுங்கள். எடுக்காவிட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். நோட்டைத் திறந்து பார்ப்பது மறுநாளைக்கு இருக்கட்டும், அதுவும் பிள்ளையையே வாசிக்கவிட்டு.

அடுத்த ஆட்டத்தை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். முன்பு ஒரு பையனை, நன்றாகத் தயாராகட்டும் என்று எண்ணி, மூன்று வாரம் மவுண்டில் ஏற்றாமல் வைத்திருந்தேன். அவன் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு பிட்சிங்கையே விட்டுவிட்டான். என் நோக்கம் என்னவென்று அவனிடம் சொல்லாமல் இருந்தது என் பிழை. இந்தப் பையனுக்குப் பதினான்காம் நாள் மறுபடி பந்தைக் கொடுத்தேன், ஆனால் ஒரே ஒரு இன்னிங்ஸ், எதிரணி வரிசையின் கடைப்பகுதிக்கு எதிராக. ரன் கணக்கை இலக்காக வைக்கவில்லை. ஒவ்வொரு மட்டையாளருக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக் என்பதுதான் இலக்கு. ஐந்து பேர் வந்தார்கள், நான்கு பேருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக்காக விழுந்தது. ஒரு ரன் போனது; அதைப் பற்றி அவன் கேட்கவேயில்லை, நோட்டில் நான்கு டிக் இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்த்தான்.

தென்னாப்பிரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நம் நாட்டுப் பெயரையே சொல்லலாம். ஜோகன்னஸ்பர்கில் பிறந்த டெய்லர் ஸ்காட் 2011இல் கப்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, எட்டு ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் ஆடி, 2019 ஜூனில் மேஜர் லீக்கில் பந்தெறிந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய ஈஆர்ஏ 14ஐத் தாண்டியது. பல அணிகள் அவரை எடுப்பதும் விடுவதுமாக இருந்தன. இடையில் ஜப்பானுக்கும் சென்று ஆடினார். 2024இல், 32 வயதில், ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 62 ஆட்டங்களில் எறிந்து ஈஆர்ஏ 2.23 என்று முடித்தார். பிள்ளையின் தாத்தாவுக்குக் கிரிக்கெட் வழியாகச் சொன்னால் சட்டென்று புரியும்: 1992இல் சிட்னியில் ஷேன் வார்னின் முதல் டெஸ்டில் இந்தியா அவரை 150 ரன்னுக்கு அடித்தது, கிடைத்தது ரவி சாஸ்திரியின் விக்கெட் ஒன்றுதான்.

மூன்று நான்கு ஆட்டங்களுக்குப் பிறகும் பிள்ளை மவுண்டை வெறுத்தால் வற்புறுத்தாமல் வேறு இடம் கொடுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீக்கில் ஆடிய முதல் வீரரான கிஃப்ட் இங்கோபே பிட்சர் அல்லர். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்காக 2017 ஏப்ரல் 26 அன்று பேஸ்களுக்கு அருகே நிற்கும் உள்வட்டத் தடுப்பாளராகத்தான் களமிறங்கினார். வலுவான கையும் விரைவான காலும் உள்ள பையனுக்கு ஷார்ட்ஸ்டாப் இடம் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பது) பெரும்பாலான குழந்தை அணிகளில் காலியாகவே இருக்கிறது.