தளர்வுக்குப் பின் படகை நீரில் இறக்கும் முன்

கொரோனா ஊரடங்குத் தளர்வால் 2020 மே 13 முதல் இங்கிலாந்தில் பொழுதுபோக்குப் படகோட்டம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் அப்போது வீட்டாருடனோ, வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவருடன் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டோ மட்டுமே செல்ல முடிந்தது என்பதால், படகில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. படகில் இரவு தங்கக் கூடாது என்றும் விதி இருந்தது. வேல்ஸ், ஸ்காட்லாந்து விதிகள் வேறாக இருந்தன. ஆற்றையோ கால்வாயையோ நிர்வகிக்கும் அமைப்பு படகுகளை அனுமதித்துள்ளதா என்றும் கேட்டறிய வேண்டியிருந்தது.

வாரக்கணக்கில் கட்டிக் கிடந்த படகில் பேட்டரி இறங்கியிருக்கலாம், எரிபொருளில் நீர் சேர்ந்திருக்கலாம்; ஆகவே கட்டிய இடத்திலேயே எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, காற்றடைக்கும் உயிர்காப்புச் சட்டையின் வாயுக் குப்பி இறுகியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். நடுவழியில் நின்றுபோனால் மீட்க வரும் உயிர்காப்புப் படகினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கவனக்குறைவால் அவர்களைத் தொற்று அபாயத்துக்கு உள்ளாக்குவது தகாது. ஆனாலும் உயிருக்கு ஆபத்தென்றால், தயங்காமல் வி.எச்.எஃப். எனப்படும் படகு வானொலியின் சேனல் 16-இல் கடலோரக் காவல் படையை அழையுங்கள்.