நுரையீரல் தழும்பு நோய்க்கான மாத்திரை: வேலூர் வெயிலில் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

நுரையீரலில் தழும்பு படிந்து இறுகிப்போகும் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு மருத்துவர் பிர்ஃபெனிடோன் அல்லது நின்டெடானிப் எழுதிக் கொடுத்தால், இருமலும் மூச்சிரைப்பும் பத்து நாளில் அடங்கிவிடும் என்ற எண்ணத்தை வீட்டார் முதலிலேயே விட்டுவிட வேண்டும். 2014 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே நாளில் ஒப்புதல் பெற்ற இவ்விரு மருந்துகளும் விழுந்த தழும்பை அழிப்பதில்லை. மேலும் தழும்பு சேரும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அந்தப் பலன், சில மாதங்களுக்கு ஒருமுறை குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையின் எண்களில்தான் தெரியுமே தவிர, உடம்பில் தெரிவது குமட்டலும் வயிற்றுப்போக்கும் தோல் எரிச்சலுமே ஆகும். மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்பதால், அந்தத் தொல்லைகளைச் சமாளிக்கும் வழியையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்பு கல்லீரல் ரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துச் சூரணமும் லேகியமும் உட்பட, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதுப் பழக்கத்தையும் பீடியையும் மறைக்கக் கூடாது. பீடி, சிகரெட் புகை பிர்ஃபெனிடோனைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்து, ரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய மாத்திரையில் ஒரு பங்கு வீணாகிறது என்று சொன்னால் சில பெரியவர்கள் உடனே கேட்டுக்கொள்கிறார்கள்.

பிர்ஃபெனிடோனை எப்போதும் மில்லிகிராம் கணக்கில் நினைவில் வைக்க வேண்டும். மாத்திரை எண்ணிக்கையில் அல்ல. நம் கடைகளில் 200, 267, 400, 600 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் கிடைப்பதால், "வேளைக்கு இரண்டு" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், கடைக்காரர் வேறு அட்டையைக் கொடுத்த அன்றே தவறான அளவை விழுங்கிவிடக் கூடும். வழக்கமாக முதல் வாரம் சிறிய அளவில் நாளுக்கு மூன்று வேளை தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி உயர்த்தி, மூன்றாம் வாரத்தில் முழு அளவை எட்டுவார்கள். ஒரு படியில் வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால், மருத்துவரைக் கேட்டு அதே படியில் இன்னும் சில நாள் நிற்கலாம்.

சாப்பாடு விஷயத்தில் சமரசம் கூடாது. காலையில் காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு இட்லி சாப்பிடுகிறவருக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வருவதில் வியப்பில்லை. களியோ இட்லியோ சோறோ, பாதி உண்ட பிறகு நடுவில் மாத்திரையை விழுங்கி, மீதியை உண்பது நல்லது. வேளைக்கு மூன்று மாத்திரை என்றால், உணவின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெயில். பிர்ஃபெனிடோன் தோலைச் சூரிய ஒளிக்குக் கூருணர்வு உடையதாக ஆக்குகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இதை ஏட்டு எச்சரிக்கையாகக் கொள்ள முடியாது. நிலத்துக்கோ சந்தைக்கோ போக வேண்டுமானால் விடியற்காலையில் போய்த் திரும்புவதும், முழுக்கைச் சட்டை, குடை, அகல விளிம்புத் தொப்பி ஆகியவற்றைப் பயன்படுத்துவதும், முகம், கழுத்து, புறங்கைகளில் எஸ்.பி.எஃப் 50 வெயில் தடுப்புக் களிம்பு தடவுவதும் தேவை. மேகமூட்டமான நாளிலும், பேருந்தின் சன்னலோரக் கண்ணாடி வழியாகவும் இந்தக் கதிர்கள் வருகின்றன. காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதினால், தாம் பிர்ஃபெனிடோன் உட்கொள்வதை அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தோல் பாதிப்பு கூடும். பௌர்ணமி கிரிவலம் இரவில் நடப்பதால் வெயில் தொல்லை அதில் இல்லை; பதினான்கு கிலோமீட்டரை மூச்சு தாங்குமா என்பது வேறு கேள்வி.

நின்டெடானிப் உட்கொள்வோர் வெயிலைவிட வயிற்றைப் பற்றியே கவலைப்பட வேண்டும். வழக்கமான அளவு 150 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு வேளை, உணவோடு. கேப்ஸ்யூலைப் பிரிக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். உட்கொள்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. ஆகவே போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் மருத்துவரின் அறிவுரையோடு முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. போக்கு நிற்காவிட்டால் அவர் சில நாள் நிறுத்தி வைப்பார், அல்லது 100 மில்லிகிராமுக்குக் குறைப்பார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், வேர்க்கடலையோ சோயாவோ ஒவ்வாதவர்கள், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் ஆகியோர் இதைத் தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். கருவைப் பாதிக்கும் மருந்து இது. கேப்ஸ்யூலை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று உறையில் இருந்தால், ஓட்டு வீட்டு அலமாரியும் வண்டியின் முன்பெட்டியும் அதற்கு உகந்த இடங்கள் அல்ல. வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலை எது என்று பார்க்க வேண்டும்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் ரமலான் நோன்பிருப்போர் மாதம் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். மூன்று வேளை உணவோடு உட்கொள்ள வேண்டிய மருந்தைச் சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் இடையில் தாமாகவே சுருக்கி, ஒரே வேளையில் இரு மடங்கு விழுங்குவது ஆபத்தானது. கிருத்திகை விரதத்துக்கும் இதுவே பொருந்தும்.

கல்லீரல் பரிசோதனையைப் பிர்ஃபெனிடோனுக்கு முதல் ஆறு மாதம் மாதந்தோறும், நின்டெடானிபுக்கு முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பிறகு இரண்டுக்குமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நடைமுறை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, வலப்பக்க மேல்வயிறு வலித்தால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல், அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன்பே மருத்துவரை அழைக்க வேண்டும். முகமோ உதடோ வீங்கினாலும், தோல் கொப்பளித்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், கடுமையான வயிற்றுவலி வந்தாலும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவ்விரு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் குறைக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பிர்ஃபெனிடோனின் அளவைக் கூட்டும். மனநல மருந்தான ஃப்ளூவாக்ஸமைன் பிர்ஃபெனிடோனோடு சேரவே கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் நின்டெடானிப் உட்கொள்வதை அறுவை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஒரு வேளை மறந்துபோனால் அதை விட்டுவிட்டு, அடுத்த வேளையை வழக்கமான அளவில் உட்கொள்ள வேண்டும். பிர்ஃபெனிடோன் தொடர்ந்து பதினான்கு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், மறுபடி முதல் வாரத்துச் சிறிய அளவிலிருந்தே படிப்படியாக ஏற வேண்டும். பொங்கல் விடுமுறையில் கடையில் இருப்பு இல்லாமல் போவதே இப்படி விட்டுப்போகச் சாதாரணக் காரணம் என்பதால், கடைசி அட்டையைப் பிரிக்கும் நாளிலேயே அடுத்ததற்குச் சொல்லி வைத்து, வந்ததும் அட்டையின் பின்புறத்தில் மில்லிகிராமைப் படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.