‘தம்பி’ன்னு ஒரு குரல்: பாலின அடையாளம் பற்றி முதல் குறும்படம் எடுப்பது எப்படி?

ஒரு செல்போன், நாலு நண்பர்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நிமிடக் குறும்படத்துக்கு இது போதும். சென்னை வியாசர்பாடியில் ஒரு திருநம்பியைப் (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) பற்றி நாங்கள் எடுத்த படத்தை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் காது, அப்புறம் கேமரா

தமிழில் ‘நான் வந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘நீ வந்தே’ என்பதிலும் தெரியாது. அடுத்தவர் வாயில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வரும்போதுதான் பாலினம் வந்து ஒட்டுகிறது. நேருக்கு நேர் என்றால் டா, டி, அண்ணே, அக்கா. உங்கள் படத்துக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் கிடைக்காது. ஒரு நாள் நோட்டும் பேனாவுமாகத் தெருவில் நில்லுங்கள். தண்ணி லாரி வரும்போதும், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடும்போதும், ஷேர் ஆட்டோவில் இடம் கேட்கும்போதும் யாரை யார் எப்படி அழைக்கிறார்கள் என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த வாழ்க்கையை வாழ்கிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘ஆபரேஷன் ஆச்சா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கோர்ட்டே நிபந்தனையாக்கக் கூடாது என்ற ஒன்றை நாம் ஏன் கேட்க வேண்டும்?

சொற்களில் சந்தேகம் வந்தால், சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பாருங்கள். அதையும் தாண்டி, உங்களிடம் பேசுகிறவர் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறாரோ அதுதான் சரியான சொல்.

2. ஒரு வாழ்க்கை வேண்டாம், ஒரு நிமிஷம் போதும்

புதிதாக எடுப்பவர்கள் பிறந்ததில் தொடங்கி வீட்டை விட்டு வெளியேறுவது வரை எல்லாவற்றையும் ஆறு நிமிடத்தில் திணிப்பார்கள். கண்ணாடி முன் அழுவது, அப்பா அடிப்பது, மழை. இவை எல்லாம் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. நடப்பதில்லை என்று சொல்லவில்லை. அதை மட்டுமே பார்த்து வளரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் வேறென்ன காட்டினோம்?

எங்கள் கதை ஒரு கேரம் கிளப்பில் நடக்கிறது. கதாநாயகன் முதல்முறை உள்ளே வருகிறான். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் முறை வருகிறது. சிவப்புக் காய் குழியில் விழுகிறது. எதிரே இருக்கும் பெரியவர், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘தம்பி, ரெட்டு போட்டா ஃபாலோ போடணும்’ என்கிறார். ஸ்டிரைக்கர் மேல் இருந்த விரல் அப்படியே நிற்கிறது. நகத்தில் பவுடர். அவ்வளவுதான் கதை. அவர் விதியைச் சொன்னார், இவன் காதில் விழுந்தது ‘தம்பி’.

3. அடைப்புக்குறிக்குள் எழுதுவதையும் கவனியுங்கள்

இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம். வசனம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முதல் பிரதியில், காட்சி விளக்கத்தில், பழக்கதோஷத்தில் ‘அவள் உட்காருகிறாள்’ என்று எழுதிவிட்டோம். நடிக்க வந்த நண்பன் இரண்டு பக்கம் படித்துவிட்டு, தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. மன்னிப்புக் கேட்டு, முழுதும் திருத்தி எழுதினோம். பேப்பரில் ‘அவன்’ என்று வந்த பிறகு செட்டில் எல்லோர் வாயிலும் தானாக ‘அவன்’ வந்தது. கதாபாத்திரத்தின் பழைய பெயர் கதைக்குத் தேவையா என்றும் யோசியுங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

திருநம்பி வேடத்துக்கு ஒரு திருநம்பியையே தேடுங்கள். கையில் இருக்கும் காசில் முதல் பங்கை அவருக்குக் கொடுங்கள்.

4. இடம்

1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தால் யாருக்கும் படமெடுக்க ஆசை வரும். ஆனால் ரயில்வே இடத்தில் எடுக்க முன் அனுமதி வேண்டும். முதல் படத்துக்கு மொட்டை மாடி, ஹவுசிங் போர்டு படிக்கட்டு, தெரிந்தவரின் கிளப் போதும். சுற்றியிருப்பவர்களிடம் இது எதைப் பற்றிய படம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நடிப்பவர் சரி என்றால் மட்டும்.

5. ஷூட்டிங்

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் புரோ மோடில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். இல்லையென்றால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். கேமரா கதாநாயகனின் கண் மட்டத்தில் இருக்கட்டும். உடம்பை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு போகும் ஷாட் வேண்டவே வேண்டாம்.

6. சவுண்ட்

வடசென்னையில் அமைதி கிடைக்காது. ரயில், ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி. எங்கள் ‘தம்பி’ வசனத்தின் மேல் மூன்று டேக்கிலும் ரயில் போனது. நாலாவது டேக்கில் இரண்டாவது போனை ரெக்கார்டராக்கி, பெரியவரின் சட்டைப் பாக்கெட்டில் வைத்தோம். குரல் தெளிவாக வந்தது. இரண்டு பதிவையும் எடிட்டிங்கில் பொருத்த, டேக் தொடங்கும்போது ஸ்டிரைக்கரால் போர்டில் ஒரு தட்டுத் தட்டுங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டும் இடங்களை மூட அது உதவும்.

7. எடிட்டிங், திரையிடல்

கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். சினிமாப் பாட்டு போடாதீர்கள், உரிமை நம்மிடம் இல்லை. விரல் நிற்கும் ஷாட்டுக்கு இசையே தேவையில்லை, காய்கள் மோதும் சத்தம் போதும்.

படம் முடிந்ததும், ஆசிரியரிடம் காட்டும் முன்பே, நடித்தவருக்குக் காட்டுங்கள். டைட்டிலில் அவர் சொல்லும் பெயர்தான் வர வேண்டும். வகுப்பில் திரையிடச் சம்மதித்தவர் யூடியூபுக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாமல், தனியாகக் கேளுங்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவராக இருக்கலாம். எங்கள் நண்பன் இரண்டு முறை பார்த்தான். ஒரே ஒரு ஷாட்டை நீக்கச் சொன்னான். அவன் பின்னால் அவர்கள் வீட்டுக் கதவு எண் தெரிந்தது. அது நல்ல ஷாட். அன்றே நீக்கிவிட்டோம்.