கல்லூரி இணையதளம்: சேர்க்கைக்கு முன் செய்ய வேண்டியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் வருமானம் குறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. கட்டணம், உதவித்தொகை, கடைசித் தேதி எல்லாவற்றையும் வீட்டில் இருக்கும் ஒரே போனில்தான் பலர் பார்க்கிறார்கள். அதனால் இணையதளத்தைக் கவனிப்பவர்கள் மார்ச்சிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் கட்டணப் பக்கம். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போடாதீர்கள். சிக்னல் குறைவான இடத்தில் திறக்கவே நேரமாகும், தேடினாலும் எழுத்து அகப்படாது. பக்கத்திலேயே யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் போனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

அப்புறம் அந்தப் பக்கத்தின் இணைய முகவரி. ஆண்டுதோறும் புதுப் பக்கம் தொடங்கினால் கூகுளில் பழைய கட்டணமே முன்னால் வந்து நிற்கும், பெற்றோர் அதை நம்பிப் பணம் திரட்டுவார்கள். ஒரே பக்கத்தைத் திருத்துங்கள். மேலே 'கடைசியாகத் திருத்திய தேதி' கட்டாயம் இருக்கட்டும்.

நாக் (NAAC, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அறிக்கைகள், கூட்டக் குறிப்புகளை நீக்க வேண்டாம், ஆண்டுவாரியாகத் தனிப் பகுதியில் வையுங்கள். ஒவ்வொரு துறைப் பக்கத்துக்கும் ஒரு ஆசிரியர் பொறுப்பு, அவ்வளவுதான். மழை விடுமுறை அறிவிப்பைப் போடுபவரே மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும்.