தனுஷ்கோடி ரயில் நிலையம்: மணலுக்குள் கிடக்கும் வரலாற்றைப் பார்க்கும் முறை

தனுஷ்கோடி போகிறவர்களில் பெரும்பாலோர் நேராக நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரயில் வரலாறு கிடப்பது அதற்குச் சில கிலோமீட்டர் முன்னால், 1964 புயலில் அழிந்து, இடிந்த தேவாலயம் நிற்கும் பழைய ஊரில். காலையிலேயே போய், முதலில் அங்கே இறங்குங்கள். மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கிளம்புமுன் பழைய பாதையை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று தண்டவாளம் ராமேசுவரத்தோடு முடிகிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது முக்கியப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத்தான் போயிற்று. ராமேசுவரத்துக்குப் போனது கிளைப்பாதை. காரணம், கப்பல். எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் பிடித்து, அங்கிருந்து கொழும்புக்கு மறுபடியும் ரயிலேறினார். அதற்கு முன்பு இலங்கைப் பயணம் தூத்துக்குடி வழியாக நடந்தது. கடலில் கழியும் நேரம் மிக அதிகம். ஆகவே ராமேசுவரத்திலிருந்து கோடு இழுத்துத் தேடினால் தடம் பிடிபடாது. செயற்கைக்கோள் படத்தில் பாம்பனிலிருந்து தொடங்குங்கள். மணல்மேடு நெளிந்து கிடக்கும். ரயிலுக்குப் போட்ட மேட்டுக்கரை அப்படி நெளியாது. படத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்ப வேண்டாம்.

கையில் 5 மீட்டர் அளவுநாடா போதும். தண்டவாளம் ஜோடியாகக் கண்ணில் பட்டால் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளந்து பாருங்கள். 1,000 மில்லிமீட்டர் வர வேண்டும்: இது மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையைப் பார்க்காமலேயே அழிந்தது.

சுவர்களுக்கு அருகே குனிந்து பாருங்கள். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னத் துளைகள் தெரிந்தால் அது பவளக்கல். சாய்ந்து நின்றாலே பொடியாக உதிரும்; ஏறவே கூடாது. ஒரு துண்டைக்கூட எடுத்துவர வேண்டாம், பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தையும் தேடுங்கள். நீராவி எஞ்சினுக்கு உப்புநீர் ஆகாது, கொதிகலன் கெட்டுவிடும். இருபுறமும் கடல் இருந்தும் இங்கே கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம்.

1964 புயலைப் பற்றிப் படிக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். சிலர் டிசம்பர் 22 என்பார்கள், சிலர் 23 என்பார்கள். 653-ஆம் எண் பாசஞ்சர் 22-ஆம் தேதி இரவு 11.55-க்குப் பாம்பனை விட்டது. தனுஷ்கோடியை நெருங்கியபோது கடல் அதை விழுங்கியது நள்ளிரவுக்குப் பிறகு. அந்த ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் சேரவில்லை என்பதால், அதை முடிந்த கணக்காக எழுதாதீர்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவில்லை. கப்பலும் ராமேசுவரத்துக்கு மாறியது.

படமெடுக்கும்போது நின்ற இடம், திசை, மாதம் மூன்றையும் குறித்து வையுங்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் வடக்கிலிருந்து வீசும் வாடையும் மணலை மாற்றி மாற்றிக் குவிக்கின்றன. இந்த முறை தெரிந்த அடித்தளம் அடுத்த முறை மூடிக்கிடக்கலாம்.