பேஸ்பால் அணியின் குளிர்காலக் கணக்கு: பாட்ரேஸை வைத்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடர் முடிந்த கையோடு, அந்த லீக்கின் அணிகளில் ஒன்றான சான் டியாகோ பாட்ரேஸ் ரசிகர்களின் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்ற ஆரம்பித்துவிடும். யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள்? செலவழிக்க எவ்வளவு பணம் இருக்கிறது? கீழே வளர்ந்து வரும் பையன்களில் தேறப்போவது யார்? அதாவது ரோஸ்டர், பேரோல், ஃபார்ம் சிஸ்டம். இந்த மூன்றையும் தனித்தனிச் செய்தியாகப் படிப்பதுதான் பெரிய தவறு. ரோஸ்டரில் ஓர் ஆளைச் சேர்த்தால் அதற்கான விலையை பேரோல் கொடுக்கும், இல்லாவிட்டால் ஃபார்ம் சிஸ்டம் கொடுக்கும். மற்ற தவறுகள் எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இதைப் புரிந்துகொள்ள பாட்ரேஸைவிட நல்ல அணி இல்லை என்று நினைக்கிறேன். 1969இல் தொடங்கிய அணி. 1984, 1998 என இரண்டு முறை உலகத் தொடர் வரை போய்த் தோற்றது. கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை. அந்த முதல் கோப்பைக்காக எந்த வீரரையும் கொடுக்கவோ வாங்கவோ தயங்காத பொது மேலாளர் ஏ. ஜே. ப்ரெல்லர். அதனால் இங்கே ஒவ்வொரு முடிவின் விளைவும் பளிச்சென்று தெரியும்.

பணத்திலிருந்து தொடங்குவோம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். 2025 ஏலத்தில் ஒவ்வொரு ஐபிஎல் அணிக்கும் 120 கோடி ரூபாய் பர்ஸ், தீர்ந்தால் தீர்ந்தது. மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படித் தாண்டவே முடியாத வரம்பு கிடையாது. வரி தொடங்கும் ஒரு கோடு இருக்கிறது. 2025இல் அது 24.1 கோடி டாலர், 2026இல் 24.4 கோடி டாலர். தாண்டலாம், ஆனால் தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. ஒரே ஒரு சீசன் கோட்டுக்குக் கீழே முடித்துவிட்டால் கணக்கு மறுபடி முதல் ஆண்டிலிருந்து தொடங்கும். ரொம்ப அதிகமாகத் தாண்டுபவர்களுக்குக் கூடுதல் வரியும் உண்டு.

இந்தக் கோட்டை வைத்துக் கணக்குப் போடும்போது அடுத்த தவறு வருகிறது. 'இந்த வருடம் இவருக்கு எவ்வளவு சம்பளம்' என்று பார்த்து, அதையே வரிக் கணக்கிலும் கூட்டிவிடுகிறோம். இரண்டும் வேறு. கையில் கொடுக்கும் பணம் ஒன்று. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரி இன்னொன்று. வரி பார்ப்பது இந்தச் சராசரியை.

ஃபெர்னாண்டோ டட்டிஸ் ஜூனியரின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2021இல் போட்டது, 14 ஆண்டு, 34 கோடி டாலர். 2024இல் அவர் வாங்கிய சம்பளம் 1.1 கோடி டாலர். 2025இலும் 2026இலும் 2 கோடி. 2029 முதல் 2034 வரை ஆண்டுக்கு 3.6 கோடி. ஆனால் வரிக் கணக்கில் எல்லா ஆண்டும் ஒரே எண்தான், சுமார் 2.43 கோடி. 2024இல் அணியின் கையிலிருந்து போனதைவிட வரித்தாளில் ஏறியது இரண்டு மடங்குக்கும் மேல். 2029 முதல் இது தலைகீழாகும். பிட்சர் (பந்து வீசுபவர்) நிக் பிவெட்டாவின் ஒப்பந்தமும் இதே ரகம். 2025 பிப்ரவரியில் நான்கு ஆண்டுக்கு 5.5 கோடி டாலர். முதல் ஆண்டில் அணி கொடுத்தது முன்பணமும் சம்பளமும் சேர்த்து வெறும் 40 லட்சம். அந்தச் சீசனில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.87 ரன் மட்டும் கொடுத்து 13 ஆட்டம் வென்றார். 2026இல் அவருடைய சம்பளம் 1.9 கோடி. ஆள் எதுவும் மாறவில்லை, புதிதாக யாரையும் வாங்கவில்லை, ஆனாலும் செலவு ஒன்றரைக் கோடி டாலர் கூடிவிட்டது. 'போன வருடம் இவ்வளவு செலவழித்தார்கள், இந்த வருடமும் அதே அளவு இருக்கும், அப்படியானால் இன்னும் ஒரு பெரிய ஆளை வாங்கலாம்' என்று கணக்குப் போடுபவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

சரி, ஒரு பெரிய வீரரை விட்டுக்கொடுத்த கதைக்கு வருவோம். 2023 டிசம்பரில் நட்சத்திர பேட்டர் ஹுவான் சோடோவை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பியதைக் கஞ்சத்தனம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த நேரத்து நிலைமையைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும். 2021, 2022, 2023 என மூன்று ஆண்டு தொடர்ந்து வரி கட்டிய அணி அது. 2023 மே மாத முடிவில் உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் கைவிட்டுப் போய், ஒளிபரப்பை லீக்கே எடுத்து நடத்த வேண்டி வந்தது. செலவுக்கு அஞ்சாத உரிமையாளர் பீட்டர் சைட்லர் அந்த நவம்பரில் காலமானார். சோடோவுக்கு 2024இல் கிடைத்த சம்பளம் 3.1 கோடி டாலர். அதுவும் ஓர் ஆண்டுக்கு மட்டும், அதன்பின் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். அவரை அனுப்பியதில் பிட்சர்கள் மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப் உள்ளிட்டோர் வந்தார்கள். தோர்ப்பை மூன்று மாதம் கழித்து வேறு வீரர்களோடு சேர்த்துக் கொடுத்து பிட்சர் டிலன் சீஸ் வாங்கப்பட்டார். அந்த ஜூலையில் சீஸ் நோ ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார், அணி கோட்டுக்குக் கீழே முடித்தது, 93 ஆட்டம் வென்றது. கஜானாவைத் திறந்துவிட்ட 2023இல் வென்றதோ 82தான். செலவைக் குறைத்தால் வெற்றி வரும் என்று இதற்குப் பொருளல்ல. ஒரு டிரேடை (வீரர் பரிமாற்றத்தை) அது நடந்த நாளின் தலைப்புச் செய்தியை வைத்து அளக்க முடியாது, அவ்வளவுதான்.

வரி என்பது பணக்காரர்களின் பிரச்சினை, இளம் வீரர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமும் தவறு. கோட்டை 4 கோடி டாலருக்கு மேல் தாண்டினால் அடுத்த டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) அணியின் முதல் தேர்வு பொதுவாகப் பத்து இடம் கீழே தள்ளப்படும். ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் சீஸ், கிங் போன்றவர்களுக்கு அணி ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைக்கும். 2025இல் அதன் மதிப்பு சுமார் 2.2 கோடி டாலர். வேண்டாம் என்று சொல்லி வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு ஈடாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்கும். சீஸ் ஏழு ஆண்டு, 21 கோடி டாலருக்கு டொராண்டோ போனார். ஆனால் வரி கட்டிய அணிக்கு அந்த ஈட்டுத் தேர்வு நான்காம் சுற்றுக்குப் பிறகுதான் வரும். இன்று கூடுதலாகச் செலவழித்த டாலர், நாலைந்து வருடம் கழித்து ஒரு நல்ல பையன் இல்லாமல் போவதாகத் திரும்பி வரலாம்.

ரோஸ்டரில் 26 பேரை மட்டும் எண்ணுவது

ஆட்டத்துக்குத் தயாராக இருப்பது 26 பேர். குளிர்காலத்தில் முக்கியமோ 40 பேர் கொண்ட பட்டியல். சீசன் நடக்கும்போது நீண்டகாலக் காயப் பட்டியலுக்குப் போனவர் இந்த நாற்பதில் இடம் பிடிக்கமாட்டார். உலகத் தொடர் முடிந்ததும் அந்தச் சலுகை போய்விடும். வசந்தகாலப் பயிற்சி தொடங்கும்வரை அவரும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். பிட்சர் ஜோ மஸ்க்ரோவ் 2025 முழுக்க ஆடவில்லை. இன்னொரு பிட்சர் யூ டார்விஷ் முழங்கை அறுவை சிகிச்சையால் 2026இல் ஆடமாட்டார் என்று நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த நவம்பரில் இருவருக்கும் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இந்த இடநெருக்கடியில்தான் ரூல் 5 டிராஃப்ட் வருகிறது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான பையனை ஐந்து சீசனுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதில் வந்தவரை நான்கு சீசனுக்குள்ளும் நாற்பதில் சேர்க்காவிட்டால் வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி அவரைத் தூக்கிக்கொள்ளலாம். தூக்கியவர்கள் அடுத்த சீசன் முழுக்க அவரை 26க்குள் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இழந்தால் ஐயோ போச்சே என்று பதற வேண்டியதில்லை. அப்படி வைத்திருக்க முடியாத அணிகள் பலரைத் திருப்பி அனுப்பிவிடும். 2016இல் பாட்ரேஸ் இப்படி மூன்று பேரைப் பெற்று, 2017 முழுக்க மூவரையும் வைத்திருந்தது. அன்று அணி மறுகட்டமைப்பில் இருந்தது, தோற்றாலும் பரவாயில்லை என்ற நிலை. 90 ஆட்டம் வெல்லும் அணியால் ஆட்டத்துக்குத் தயாராகாத ஒருவரைக்கூட அப்படிச் சுமக்க முடியாது. விதி அதேதான், அணியின் நிலைமை வேறு.

அப்புறம், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளை எல்லாம் அணியின் சொத்தாகக் கருதுவது. ராபர்ட் சுவாரெஸ் 2025இல் 40 சேவ் எடுத்த க்ளோசர், அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர். அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு, 1.6 கோடி டாலர் பாக்கி இருந்தது. விலகும் உரிமை அவர் பக்கம் இருந்ததால் விலகி, அட்லாண்டாவில் மூன்று ஆண்டுக்கு 4.5 கோடி வாங்கினார். கிங் திரும்பி வந்து போட்ட மூன்று ஆண்டு, 7.5 கோடி ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் அவர் விலகலாம். பிவெட்டாவும் 2026 முடிந்ததும் விலகலாம். நன்றாக ஆடினால் போய்விடுவார்கள், சரியில்லாமல் போனால் சம்பளத்தோடு தங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 'மூன்று வருடம் கவலையில்லை' என்று படிக்கக் கூடாது.

ஃபார்ம் சிஸ்டம்: தரவரிசை சொல்லாதது

இந்தப் பகுதிதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பாட்ரேஸின் ஃபார்ம் சிஸ்டம் இப்போது தரவரிசைகளில் அடிமட்டத்தில் கிடக்கிறது. உடனே 'இவர்களுக்கு இளம் வீரர்களை அடையாளம் காணத் தெரியவில்லை' என்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 2022இல் சோடோவை வாங்க வாஷிங்டனுக்குக் கொடுத்தவர்களில் சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் பிறகு ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு (லீக்கின் சிறந்த வீரர்களுக்கான காட்சி ஆட்டம்) தேர்வானார்கள். டொமினிகன் குடியரசிலிருந்து 42 லட்சம் டாலருக்கு எடுத்த லியோ டி வ்ரீஸ், 18 வயதிலேயே பேஸ்பாலின் தலைசிறந்த பிராஸ்பெக்ட்களில் (மேலே வர வாய்ப்புள்ள இளம் வீரர்கள்) ஒருவர். அவரையும் மூன்று பிட்சர்களையும் 2025 ஜூலை 31இல் ஏதலெடிக்ஸ் அணிக்குக் கொடுத்து, மணிக்கு 104 மைல் வேகத்தில் வீசும் மேசன் மில்லரையும் இன்னொரு பிட்சர் ஜே. பி. சியர்ஸையும் வாங்கினார் ப்ரெல்லர். வீரர்களைக் கண்டுபிடிக்கும் வேலை இங்கே நன்றாகவே நடக்கிறது; கண்டுபிடித்தவர்கள் வேறு சட்டையில் ஆடுகிறார்கள்.

மில்லர் போன்ற ஒரு ரிலீவருக்கு (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) இவ்வளவு விலையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மில்லர் 2029 வரை அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார், அதுவும் சந்தை விலைக்கு வெகு கீழான சம்பளத்தில். பணம் இறுகிய அணி டாலருக்குப் பதில் பிராஸ்பெக்ட்டைச் செலவழித்தது என்று படித்தால் அந்த டிரேட் புரியும். பிடிக்குமா என்பது வேறு விஷயம். டி வ்ரீஸைக் கொடுத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அணியின் மூத்த நட்சத்திரங்கள் மச்சாடோவும் போகார்ட்ஸும் 2033 வரை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அப்போது இருவருக்கும் நாற்பது வயது ஆகியிருக்கும். அவர்களைச் சுற்றிக் குறைந்த சம்பளத்தில் ஆடும் இளையவர்கள் இல்லாமல் இந்த அணி ஓடாது.

அதே சமயம் எல்லா பிராஸ்பெக்ட்டும் ஒன்றல்ல. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஈத்தன் சாலஸ் 17 வயதில் எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தவர். 2025இல் முதுகுக் காயத்தால் ஏறக்குறைய முழு சீசனும் போனது. ஜாக்சன் மெரில் டிராஃப்டில் 27ஆவது தேர்வு, உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடியவர். அந்த இடம் காலியில்லை என்றதும் வெளிவட்டத்தில் சென்டர் ஃபீல்டுக்கு மாறி, 20 வயதில் சியோலில் அறிமுகமாகி, அதே ஆண்டு ஆல் ஸ்டார் ஆனார். தரவரிசையில் எத்தனையாவது என்பதோடு, அணியில் எந்த இடம் காலியாகிறது, எப்போது என்பதையும் பார்க்க வேண்டும்.

டிசம்பரிலேயே குளிர்காலத்துக்கு மதிப்பெண் போடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூரிக்சன் ப்ரோஃபார் 2024 பிப்ரவரியில் பத்து லட்சம் டாலருக்கு வந்து ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க வீரராக நின்றார். சீஸ் வந்தது மார்ச் மாதம். பிவெட்டா வந்தது பிப்ரவரியில்.

கடைசியாக, 2027க்கும் அதற்கு அப்பாலும் கணக்குப் போடுபவர்கள் இன்றைய விதிகளையே நிரந்தரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். வரிக் கோடு, அதன் சதவீதம், ஈட்டுத் தேர்வு எல்லாமே வீரர்கள் சங்கமும் உரிமையாளர்களும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பவை. அது 2026 டிசம்பர் 1இல் முடிகிறது. போதாக்குறைக்கு, அணியை விற்பது உட்பட எல்லா வழிகளையும் ஆராய்வதாக சைட்லர் குடும்பம் 2025 நவம்பரில் அறிவித்தது. கிங்கும் பிவெட்டாவும் தங்குவதா விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டியதும் கூட்டு ஒப்பந்தம் முடியும் அதே குளிர்காலத்தில்தான்.