பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்குப் பழைய டீசல் கார்: முழுச் செலவைக் கணக்கிடும் முறை

பவுண்டு விலையை யூரோவாக மாற்றி, கப்பல் கட்டணத்தையும் சேர்த்தபின், பிரிட்டனில் தயாரானதென்று சான்று காட்ட முடியாத காருக்கு 10% சுங்கத் தீர்வையையும், தீர்வை உண்டானால் அதையும் சேர்த்த கூட்டுத்தொகையின் மீது 23% மதிப்புக்கூட்டு வரியையும் கணக்கிடுங்கள்.

வாகனப் பதிவு வரியோ, நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்ததன்று; அயர்லாந்துச் சந்தையில் அந்தக் கார் பெறும் விலையென்று வருவாய்த் துறை மதிப்பிடும் தொகையின் மீது விதிக்கப்படுவதால், மலிவாக வாங்கியதால் மட்டும் அது குறையாது.

டீசல் கார் வாங்குவோர் பெரும்பாலும் மறந்துவிடுவதும், என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியதும், காரின் புகையில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடின் அளவுக்கேற்ற கட்டணமே. கிலோமீட்டருக்கு முதல் 40 மில்லிகிராமுக்குத் தலா 5 யூரோ, அடுத்த 40க்குத் தலா 15, அதற்கு மேல் தலா 25 என்பதால், 100 மில்லிகிராம் வெளியிடும் காருக்கு 1,300 யூரோ ஆகும். இந்த வெளியீட்டு அளவைக் காட்டும் ஆவணம் இல்லையெனில் உச்சவரம்பான 4,850 யூரோவையே செலுத்த நேரிடும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஆவணத்தை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.